கிரய ஒப்பந்தம் போட்டாயிற்று, பத்திரம் இன்னும் ஆகவில்லை: நடுவில் வீடு சேதமானால் யார் பொறுப்பு?

அட்வான்ஸ் கொடுத்து ஒப்பந்தம் போட்ட நாளுக்கும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் முடியும் நாளுக்கும் நடுவில் எப்படியும் இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும், வங்கிக் கடன் என்றால் இன்னும் இழுக்கும். அந்த இடைவெளியில் வெள்ளம் வரலாம், சுவர் விரிசல் விடலாம், காலி செய்து போகிற வாடகைக்காரர் கதவை உடைத்துவிட்டுப் போகலாம். வில்லங்கம், பட்டா, மூலப் பத்திரம் எல்லாவற்றையும் தோண்டித் துருவிப் பார்க்கிற நாம் இந்த ஒரு விஷயத்தை ஒப்பந்தத்தில் எழுதவே மாட்டோம். எங்கள் குடும்பத்திலும் எழுதவில்லை. சென்னைப் புறநகரில் ஒரு தனி வீட்டுக்கு 2023 அக்டோபரில் ஒப்பந்தம், ஜனவரியில் பத்திரம் என்று பேசியிருந்தோம், டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். தரைத்தளத்தில் முழங்கால் அளவுத் தண்ணீர், சமையலறை அலமாரிப் பலகையெல்லாம் ஊதிப்போய், மோட்டார் எரிந்து, சம்ப்பில் சாக்கடை கலந்து கிடந்தது. விற்றவர் கெட்டவர் இல்லை, ஆனாலும் "இயற்கை செய்ததற்கு நான் என்ன பண்ண முடியும்" என்றார். ஒரு மாதம் இழுபறி, தூக்கம் போயிற்று.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், பேச்சுவார்த்தைக்கு அதுதான் பலம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 54-இன்படி வெறும் கிரய ஒப்பந்தத்தால் சொத்தில் உங்களுக்கு எந்த உரிமையும் வந்துவிடாது, கிரயப் பத்திரம் பதிவாகும் வரை உரிமையாளர் விற்பவர்தான். பிரிவு 55 இன்னும் முக்கியம். ஒப்பந்த நாளிலிருந்து வீட்டை ஒப்படைக்கும் நாள் வரை, கவனமுள்ள ஓர் உரிமையாளர் தன் சொத்தை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படி வீட்டையும் மூல ஆவணங்களையும் விற்பவர் பார்த்துக்கொள்ள வேண்டும். உரிமை உங்களுக்கு மாறிய பிறகு, விற்பவரால் ஏற்படாத சேதம் உங்கள் தலையில் விழும். அதாவது பத்திரத்துக்கு முந்தின நாள் கூரை விழுந்தால் அவர் நஷ்டம், மறுநாள் விழுந்தால் உங்கள் நஷ்டம். ஆனால் இதெல்லாம் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரைதான். "உள்ளது உள்ளபடி வாங்கச் சம்மதம்" என்று டைப் அடிக்கிறவர் பழக்கத்தில் ஒரு வரி சேர்த்திருப்பார், அதைக் காட்டி நாளைக்கு உங்களிடம் வாதாடுவார்கள். அந்த வரி இருந்தால் "ஒப்பந்தத் தேதியில் உள்ளபடி" என்று தேதியோடு மாற்றச் சொல்லுங்கள்.

ஒப்பந்தத்தில் நான் சேர்க்கச் சொல்வது இதுதான், உங்கள் வக்கீலிடம் காட்டி அவர் பாணியில் எழுதிக்கொள்ளுங்கள்: "கிரயப் பத்திரம் பதிவாகி வீடு ஒப்படைக்கப்படும் வரை தீ, வெள்ளம், புயல் உட்பட எக்காரணத்தாலும் ஏற்படும் சேதத்துக்கு விற்பவரே பொறுப்பு. அவர் தம் செலவில் சரிசெய்து தர வேண்டும், அல்லது பொறியாளர் மதிப்பீட்டின்படி கிரயத் தொகையில் கழித்துக்கொள்ள வேண்டும். வீடு குடியிருக்க லாயக்கற்றுப் போனால் ஒப்பந்தத்தை ரத்து செய்து முன்பணம் முழுவதையும் திரும்பப் பெற வாங்குபவருக்கு உரிமை உண்டு." கூடவே, சேதத்தைச் சரிசெய்ய ஆகும் நாட்கள் கெடுவோடு கூட்டிக்கொள்ளப்படும் என்றும் எழுதுங்கள், இல்லையென்றால் கெடு முடிந்தது, அட்வான்ஸ் போயிற்று என்று மிரட்ட வாய்ப்பிருக்கிறது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம், ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

எழுத்து ஒரு பக்கம், ஆதாரம் இன்னொரு பக்கம். ஒப்பந்தம் போடும் அன்றே வீட்டை மூலை முடுக்கெல்லாம் வீடியோ எடுத்து விற்பவருக்கும் தரகருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். மோட்டார் ஓடுகிறதா, குழாய்கள், கழிப்பறை ஃப்ளஷ், மொட்டைமாடித் தளம், இன்வெர்ட்டர், ஜன்னல் கிரில், எல்லாம் அதில் வர வேண்டும். எதெல்லாம் வீட்டோடு சேர்ந்தது என்பதிலும் சண்டை வரும். பூட்டு, சாவி, கதவு, ஜன்னல், வீட்டோடு நிரந்தரமாகப் பயன்படுத்தப் பொருத்தியவை எல்லாம் வீட்டோடு வரும் என்று அதே சட்டத்தின் 8-ஆவது பிரிவு சொல்கிறது, ஆனால் ஃபேன், கீஸர், ஏசி மாதிரியானவற்றுக்குப் பட்டியல் எழுதிக்கொள்வதுதான் நிம்மதி.

காப்பீடு பற்றி ஒரு வார்த்தை. விற்பவரிடம் பாலிசி இருந்தால் பத்திரம் முடியும் வரை அதை நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர் பாலிசி தானாக உங்களுக்கு மாறும் என்று நினைக்காதீர்கள், பதிவு நாளிலிருந்தே உங்கள் பெயரில் ஒன்று எடுங்கள். பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொதுவான வீட்டுப் பாலிசி 2021 ஏப்ரலிலிருந்து இருக்கிறது, வெள்ளமும் புயலும் அதில் அடங்கும்.

இன்னொன்று, சாவியை முன்கூட்டியே வாங்காதீர்கள். "நல்ல நாள் பார்த்து பால் காய்ச்சிக்கோங்க, மரவேலையை ஆரம்பிச்சுக்கோங்க" என்று பாசமாகத்தான் சொல்வார்கள், ஆனால் நீங்கள் ஆள் விட்டு வேலை ஆரம்பித்த பிறகு குழாய் உடைந்தால் யார் உடைத்தது என்று நிரூபிக்கவே முடியாது.

பத்திரத்தன்று காலையில், அல்லது முந்தின நாள் மாலை, வீட்டுக்கு நேரில் போங்கள். பழைய வீடியோவைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள், விற்பவர் சங்கடப்பட்டாலும் பரவாயில்லை. பாக்கிப் பணம் கைமாறிவிட்டால் அப்புறம் மோட்டாருக்கும் கதவுக்கும் யாரும் திரும்பி வர மாட்டார்கள். பத்திரத்தில் கையெழுத்தும் பதிவும் ஒரே நாளில் நடக்கட்டும், ஏனென்றால் பதிவு தாமதமாக நடந்தாலும் பத்திரம் கையெழுத்திட்ட தேதியிலிருந்தே செல்லும், அந்த இடைப்பட்ட நாட்களின் சேதம் உங்கள் கணக்கில் வந்து நிற்கும்.

சரி, சேதம் ஆகிவிட்டது, என்ன செய்வது? பணம் எதுவும் மேற்கொண்டு கொடுக்காமல், வீடியோ எடுத்து, என்ன சேதம் என்று எழுதி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள், போனில் பேசியது கணக்கில் வராது. கட்டடப் பொறியாளர் ஒருவரை வைத்து மதிப்பீடு எழுதி வாங்குங்கள். கடன் போட்டிருந்தால் வங்கிக்கும் சொல்லுங்கள், அவர்கள் மதிப்பிட்டது சேதமாவதற்கு முந்தின வீட்டை. நாங்கள் இப்படி மதிப்பீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசிய பிறகுதான் விற்றவர் இறங்கி வந்தார், மோட்டாரும் சம்ப்பும் அவர் செலவு, அலமாரிக்கு விலையில் கழிவு என்று முடிந்தது.

பேச்சு முறிந்து ரத்து என்று வந்தால், பதிவான ஒப்பந்தத்துக்கு ரத்து ஆவணமும் பதிவாக வேண்டும், அதுவரை உங்கள் ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் தெரிந்துகொண்டே இருக்கும், அடுத்த ஆளுக்கு விற்க அவருக்கு உங்கள் கையெழுத்து தேவைப்படும். அட்வான்ஸ் முழுவதும் உங்கள் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகு அந்தக் கையெழுத்தைப் போடுங்கள்.