ரிசீவரின் முகப்பில் என்ன எழுதியிருக்கிறது? வீட்டில் 5.1 ஒலியைச் சரியாக எடுப்பது எப்படி

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டில் ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் பூட்டி எட்டு மாதமான பிறகும், படம் ஓடும்போதெல்லாம் அம்மா ஒரே குறையைத்தான் சொல்வார்: "சத்தம் வடிவாக் கேக்குது தம்பி, ஆனா அவை கதைக்கிறது ஒண்டும் விளங்கேல்லை." எல்லா ஸ்பீக்கரும் பேசிக்கொண்டிருந்ததால் பிழை எங்கே என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒரு நாள் ஸ்பீக்கர்களை ஓட்டும் பெட்டியான ரிசீவரின் முன்பக்கத் திரையை நின்று வாசித்தேன். "பிசிஎம்", அதாவது சுருக்காத சாதாரண ஒலி, என்று இருந்தது. ஆறு சனலையும் (ஒவ்வொரு ஸ்பீக்கருக்குமான தனி ஒலியை) ரீவியே இரண்டாகக் கலந்து அனுப்ப, ரிசீவர் அந்த இரண்டையும் ஐந்து ஸ்பீக்கருக்கும் பரப்பிக்கொண்டிருந்தது. நடு ஸ்பீக்கருக்கென்று ஒதுக்கிய வசனம் அறை முழுக்கச் சிதறிப் போயிருந்தது.

பிறகு சொந்தக்காரர், கூட்டாளிமார் வீடுகளிலும் இதையே கண்டேன். காசு செலவழித்து வாங்கிய சாமான் தன் வேலையைச் செய்யாமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஆகவே அடியிலிருந்து எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒரு விளக்கம்

5.1 என்பதில் ஐந்து: முன் இடது, முன் வலது, நடு, பக்க இடது, பக்க வலது. அந்த ".1" சப்வூஃபருக்குப் போகும், ஆழமான அதிர்வுக்கான தனிச் சனல். இந்த ஆறையும் சுருக்காமல், 48 கிலோஹேர்ட்ஸ் 16 பிட்டில் அனுப்பினால் செக்கனுக்கு ஏறத்தாழ 4,600 கிலோபிட் தேவை. டிவிடியில் டொல்பி டிஜிட்டல் என்ற சுருக்கும் முறை அதை ஆகக்கூடியது 448 கிலோபிட்டுக்குள் அடக்கிவிடுகிறது.

சோத்துப் பார்சலை நினைத்துக்கொள்ளுங்கள். கறிகள் தனித்தனியாக இருந்தாலும் கைக்கு வருவது ஒரே பொதிதான். அதைப் பிரிக்க வேண்டியவர் ரிசீவர். இடையில் ரீவி பிரித்துக் குழைத்துவிட்டால், பருப்பையும் சம்பலையும் பிறகு யாராலும் வேறாக்க முடியாது. கீழே வரும் வேலையெல்லாம் பொதியை அவிழ்க்காமல் ரிசீவரிடம் சேர்ப்பதற்குத்தான்.

படி 1: மின்சாரம்

கனடாவிலிருந்து வந்த ரிசீவர் என்றால் பிளக்கைக் குத்துமுன் பின்பக்கத் தகட்டை வாசியுங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. தகட்டில் 120 மட்டும் இருந்தால் வோல்டைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் இல்லாமல் போடவே கூடாது. அதன் வாட் அளவு ரிசீவரில் எழுதியிருப்பதைவிடக் கூடுதலாக இருக்கட்டும். லண்டனிலிருந்து வந்ததற்கு இந்தத் தொல்லை இல்லை. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி முழங்கத் தொடங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

படி 2: ஸ்பீக்கர்கள்

ரிசீவரை நிறுத்திவிட்டுத்தான் வயர் பூட்ட வேண்டும். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு மெல்லிய செம்பு இழைகூடப் பக்கத்து முனையைத் தொடக் கூடாது. மெரைன் டிரைவ் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று: உப்புக்காற்றில் செம்பு பச்சை பிடிக்கும். இடைக்கிடை கழற்றிப் பார்த்து, பச்சை பிடித்த நுனியை வெட்டிப் புதிதாகச் சீவிப் பூட்டுங்கள்.

நடு ஸ்பீக்கர் ரீவிக்குக் கீழே, உங்கள் காதை நோக்கி. முன் இரண்டும் நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து பார்க்க நடுவிலிருந்து 30 பாகை வரை விலகி இருக்கலாம். பக்க ஸ்பீக்கர்களை முதுகுக்குப் பின்னால் தள்ளாதீர்கள். தோளுக்குச் சற்றுப் பின்னே, 110 பாகையளவில் வையுங்கள். சப்வூஃபருக்குத் தடித்த இறப்பர் விரிப்பு ஒன்று போடுவது கீழ்வீட்டுக்காரருக்குச் செய்யும் மரியாதை.

படி 3: எந்த வயர்?

சிவப்பு-வெள்ளை வயரில் இரண்டு சனல்தான் போகும், அதை விட்டுவிடுங்கள். மிச்சம் இரண்டு வழி: ஒப்டிகல், எச்டிஎம்ஐ.

ஒலியை ஒளியாகக் கடத்தும் ஒப்டிகல் வயரை 1983இல் தோஷிபா அறிமுகப்படுத்தியது. டொல்பி டிஜிட்டல், அதைப் போன்ற இன்னொரு முறையான டிடிஎஸ் இரண்டின் 5.1 பொதியையும் அது தாராளமாகக் கொண்டுபோகும். டொல்பி ட்ரூஎச்டி போன்ற பெரிய பொதிகள் அதில் போகா.

ரீவியிலும் ரிசீவரிலும் எச்டிஎம்ஐ துளைக்குப் பக்கத்தில் "ஏஆர்சி" என்று எழுதியிருந்தால் அதுதான் நல்ல வழி. எச்டிஎம்ஐ வயர் வழக்கமாக ரீவிக்குப் படத்தைக் கொண்டுபோகும். 2009இல் எச்டிஎம்ஐ 1.4உடன் வந்த ஏஆர்சி அதே வயரில் ஒலியைத் திருப்பி அனுப்புகிறது. எல்லாத் துளையிலும் இது நடக்காது. அநேகமாக ரீவியில் ஒரே ஒரு துளைதான். மாறிக் குத்திவிட்டு ரிசீவர் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும். புதிய ரீவியில் "ஈஏஆர்சி" இருந்து, ரிசீவரிலும் இருந்தால், சுருக்கத்தில் எதையும் இழக்காத பெரிய பொதிகளும் போகும்.

படி 4: ரீவியின் செட்டிங்

எட்டு மாதம் என்னை ஏமாற்றிய இடம் இதுதான், அவசரப்படாமல் செய்யுங்கள்.

ரீவியின் சவுண்ட் மெனுவில், முதலில் ஒலி வெளியேறும் இடத்தை ரீவி ஸ்பீக்கரிலிருந்து ஒப்டிகலுக்கோ எச்டிஎம்ஐ ஏஆர்சிக்கோ மாற்றுங்கள். பிறகு "டிஜிட்டல் அவுட்புட்" என்ற வரியைத் தேடுங்கள். அங்கே "பிசிஎம்" என்று இருந்தால், ரீவி பொதியை அவிழ்த்துவிடுகிறது என்று அர்த்தம். அதை "பாஸ்த்ரூ" அல்லது "பிட்ஸ்ட்ரீம்" ஆக்குங்கள். அவை இல்லாவிட்டால் "ஆட்டோ" போதும்.

ஏஆர்சி வேலை செய்ய, ரீவியும் ரிசீவரும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும் வசதியையும் திறக்க வேண்டும். சாம்சங்கில் அதன் பெயர் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். ரிசீவரின் மெனுவில் "எச்டிஎம்ஐ கொன்ட்ரோல்" என்று இருக்கும். இரண்டு பக்கமும் திறந்தபின் இரண்டையும் நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, ஒரு நிமிடம் பொறுத்துப் போடுங்கள்.

பென்டிரைவில் உள்ள படத்துக்கு மட்டும் சத்தம் வராவிட்டால், அது டிடிஎஸ் ஒலியாக இருக்கலாம். சாம்சங் 2018 முதல் தன் ரீவிகளில் டிடிஎஸ்ஸை நிறுத்திவிட்டது. அப்படியானால் மடிக்கணினியின் எச்டிஎம்ஐயை நேரே ரிசீவரில் குத்தி, படம் ஓட்டும் "கோடி" என்ற மென்பொருளில் ஒடியோ பகுதிக்குப் போய் "அலோ பாஸ்த்ரூ" என்பதைத் திறந்து, கீழே டொல்பி, டிடிஎஸ் இரண்டையும் தெரிவுசெய்யுங்கள்.

படி 5: அளவெடுப்பு

ஒலி ஒரு மீற்றர் கடக்க ஏறத்தாழ 3 மில்லி செக்கன் எடுக்கும். அருகில் உள்ள ஸ்பீக்கர் முந்தாமலிருக்க, ரிசீவர் ஒவ்வொன்றின் தூரத்தையும் அறிய வேண்டும். யமஹாவில் வைபாவோ, டெனொனில் ஒடிசி என்று, பெட்டிக்குள் வரும் சின்ன மைக்கை வைத்து அளக்கும் முறை இருக்கிறது. மைக்கை நீங்கள் இருக்கும் இடத்தில், காது உயரத்தில் வையுங்கள். சீலிங் ஃபேன், ஏசி இரண்டையும் நிறுத்துங்கள். கரையோர ரயில் ஓடும் நேரம் வேண்டாம். காகம் கத்தும் விடியலும் வேண்டாம். நான் இரவு கடைசி ரயில் போனபிறகுதான் செய்தேன். முடிந்ததும் சின்ன ஸ்பீக்கர்கள் "ஸ்மோல்" என்றும், குரொஸ்ஓவர் (இதற்குக் கீழான ஆழ ஒலி சப்வூஃபருக்குப் போகும் எல்லை) 80 ஹேர்ட்ஸ் அளவிலும் இருக்கின்றனவா பாருங்கள்.

நமது சீமெந்துச் சுவரும் டைல்ஸ் தரையும் ஒலியை எதிரொலிக்கும். தடித்த திரைச்சீலையும் ஒரு கம்பளமும் வசனத்தை நன்றாகத் தெளிவாக்கும்.

படி 6: சோதனை

ரிசீவரின் "டெஸ்ட் டோன்" ஸ்பீக்கர் வயரை மட்டுமே சோதிக்கும். அந்த ஓசையை ரிசீவரே உண்டாக்குவதால், ரீவியிலிருந்து பொதி வருகிறதா என்பதை அது காட்டாது. 5.1 என்று குறித்திருக்கும் ஒரு படத்தை ஓடவிட்டு ரிசீவரின் முகப்பை வாசியுங்கள். "டொல்பி டிஜிட்டல்" அல்லது "டிடிஎஸ்" என்று வர வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் என்றால் "டொல்பி டிஜிட்டல் பிளஸ்" என்றும் வரலாம். இப்போது நடு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் காதை வையுங்கள். பேச்சு அங்கிருந்துதான் வர வேண்டும்.

உதடு முந்திக் குரல் பிந்தினால் ரீவியில் "கேம் மோட்" போட்டுப் பார்க்காதீர்கள், அது படத்தை இன்னும் முந்த வைக்கும். ரிசீவரின் "ஒடியோ டிலே" பூச்சியத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். குரல் முந்தினால் அதையே கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

பழைய பாட்டுகளுக்கும் பெரும்பாலான யூடியூப் காணொளிகளுக்கும் முகப்பில் பிசிஎம் என்று வருவது பிழையல்ல, அவை பிறந்ததே இரண்டு சனலில். அப்போது ரிசீவரை "ஸ்டீரியோ"வில் விட்டு, முன்னிரண்டு ஸ்பீக்கரில் மட்டும் கேளுங்கள்.