கப்பல் கிடைத்தது என்பதற்காக ஏறிவிடலாமா?

வேலையை உதறிவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வருகிறவரை "அழைப்பைப் பெற்றவர்" என்கிறோம். வங்கியில் காசாளராக இருப்பவரை யாரும் அப்படிச் சொல்வதில்லை. நம் சபைகளில் பல குழப்பங்கள் இங்கேதான் தொடங்குகின்றன. கொரிந்துவில் பவுல் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு தங்கிக் கூடாரத் தொழில் செய்தார் (அப்போஸ்தலர் 18:3). ஓய்வுநாளில் ஜெப ஆலயத்தில் பேசியவரும் அவர்தான். அந்த ஊர்ச் சபைக்குத்தான் "அவனவன் தான் அழைக்கப்பட்ட நிலைமையிலே நிலைத்திருக்கக்கடவன்" என்று பின்னர் எழுதினார். அடுத்த வசனத்திலேயே, அடிமைக்கு விடுதலை கிடைக்குமானால் பெற்றுக்கொள்ளச் சொல்கிறார். ஆகவே இருந்த இடத்திலேயே முடங்கிக் கிட என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம்.

அழைப்பு வந்த மறுநாளே கிளம்பிவிட வேண்டும் என்ற அவசரமும் உண்டு. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவ வேதனைக்கு உதவி கேட்டு, அமெரிக்க மிஷனரியின் மகளான ஐடா ஸ்கடரிடம் வந்தார்கள். அவருடைய தந்தை மருத்துவர்தான். ஆனால் ஆண் மருத்துவர் வேண்டாம் என்றார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அதை அழைப்பாக எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டு, படிக்கப் போனார். 1899இல் அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்று, 1900இல் திரும்பிவந்து, வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு மருத்துவப் பணியைத் தொடங்கினார். அந்தப் படிப்புக் காலத்தைத் தாமதம் என்று யார் சொல்வார்?

"கர்த்தர் வாசலைத் திறந்தார்" என்பது நம் சாட்சிகளில் அதிகம் புழங்கும் வாக்கியம். விசா கிடைத்தால் தேவ சித்தம், கிடைக்காவிட்டால் சித்தமில்லை! யோனா தீர்க்கதரிசியை நினைத்துக்கொள்ளுங்கள். தேவன் போகச் சொன்ன நினிவே கிழக்கே இருந்தது. அவர் யோப்பாவுக்குப் போனார். எதிர்த்திசையில் தர்ஷீசுக்குப் போகிற கப்பல் அங்கே தயாராக நின்றது. கூலி கொடுக்கக் கையில் காசும் இருந்தது. எல்லாம் கூடி வந்தது, திசையைத் தவிர.

கம்பளியைக் களத்தில் போட்டு, அது மட்டும் பனியில் நனைய வேண்டும் என்று தேவனிடம் அடையாளம் கேட்டவர் கிதியோன். அடையாளம் கேட்பதற்கு அந்தக் கம்பளியைத் துணைக்கு அழைக்கிறவர்கள் அவருடைய ஜெபத்தை முழுவதும் வாசிப்பதில்லை. "நீர் சொன்னபடி" என்றுதான் அவர் ஆரம்பிக்கிறார். தேவன் ஏற்கெனவே சொல்லியாயிற்று என்பது அவருக்கே தெரியும். தேவன் பொறுமையாகப் பதில் கொடுத்தார் என்பது தேவனுடைய பெருமை. நமக்கு அது முன்மாதிரி ஆகாது. புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையில் வந்த வசனத்தைக் கொண்டு வீடு மாறுவதை முடிவுசெய்கிறவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

இவை எல்லாவற்றிலும் நுட்பமானது, கீழ்ப்படியாமையைக் காணிக்கையால் மூடுவது. எல்லாவற்றையும் அழிக்கத் தேவன் சொல்லியிருந்தும், அமலேக்கியரின் ஆடுமாடுகளில் நல்லவற்றைச் சவுல் ராஜாவும் ஜனங்களும் தப்பவைத்தார்கள். கேட்டதற்கு, கர்த்தருக்குப் பலியிடத்தான் என்றார் சவுல். "பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம்" என்ற சாமுவேல் தீர்க்கதரிசியின் பதில் நமக்கு மனப்பாடம். மாற்கு 7இல் இயேசு கண்டித்த கொர்பானும் இதே வகைதான்: பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதைத் தேவனுக்கென்று நேர்ந்துவிட்டால் அவர்களுக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை என்ற ஏற்பாடு. பக்தியைப்போலவே தோன்றுவதால் இதை யாரும் தட்டிக்கேட்பதில்லை.

நானே அகப்பட்டிருக்கிறேன். தம்பியிடம் வாங்கிய கடனைத் திருப்ப வேண்டிய மாதத்தில், ஆலயக் கட்டட நிதிக்கு எவ்வளவு கொடுப்பது என்று மூன்று நாள் ஜெபித்தேன். மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டு, "இதற்கு எதற்கு ஜெபம்? ரோமர் 13:8ஐ வாசியுங்கள்" என்றாள். ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள் என்கிற வசனம். தம்பிக்குப் பணம் அனுப்பினேன். அடுத்த ஞாயிறு ஆராதனையில் வாசித்த நன்கொடையாளர் பட்டியலில் என் பெயர் இல்லை. கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.