பருத்தித்துறை முதல் தெவிநுவரை வரை: திருகோணமலையை நடுவில் வைத்து ஒரு தரைவழிப் பயணம்

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிற நம்மவர் பலரின் பயணம் ஒரே அச்சில் வார்த்தது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி, சூட்கேஸ்களை வான் வண்டியில் அடுக்கி, இரவோடிரவாக ஏ9 வீதியால் யாழ்ப்பாணம். விடுமுறை முடிந்ததும் அதே வீதி, அதே இருட்டு, அதே தூக்கம். பிள்ளைகளுக்கு நாட்டை வடக்கிலிருந்து தென்முனை வரை காட்ட நினைப்பவர்கள் கிழக்குக் கரையால் இறங்குங்கள். திருகோணமலையில் சில நாள் தங்குங்கள்.

ஊர்ப்பற்றில் மட்டும் சொல்லவில்லை. வெளிநாட்டுப் பள்ளிகள் மூடும் ஜூலை, ஆகஸ்ட்டில் தென்மேற்கில் மழைக்காலம், இங்கே வெயில். கடல் அடங்கியிருப்பதால் நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகு ஓடும். பகலில் கச்சான் காற்று அனலாக வீசும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். நத்தார் விடுமுறைக்கு வருபவர்களுக்கு இந்த வழியைச் சொல்லமாட்டேன். அது வாடை மழையும் வெள்ளமும் வரும் காலம்.

யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா வரை ஏ9. அங்கிருந்து ஹொரவப்பொத்தானை ஊடாகத் திருகோணமலைக்கு நூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. பஸ்ஸிலும் வரலாம். சொந்தமாக வாகனம் ஓட்ட விரும்பினால், வெளிநாட்டு உரிமம் மட்டும் போதாது. இங்குள்ள அனுமதியும் எடுக்கவேண்டும். எனக்குக் கேட்டால், வழி தெரிந்த சாரதியோடு வான் பிடிப்பதே நல்லது. பொழுது சாய்ந்தபின் ஹொரவப்பொத்தானை, கந்தளாய்ப் பக்கங்களில் யானை வீதிக்கு வரும்.

கோணேசர் கோவிலுக்குக் காலையில் போங்கள். பிரெட்ரிக் கோட்டைக்குள் நுழைந்ததுமே மான்கள் எதிர்ப்படும். கையிலிருக்கும் அர்ச்சனைப் பையை மோந்து பார்க்கக் கூச்சப்படாத மான்கள். மேலே இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவருகே மரத்தில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய சிறு தொட்டில்கள் தொங்கும். பௌர்ணமி நாள் இங்கே அரச விடுமுறை. தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருவார்கள், அன்று அறை கிடைப்பதும் சிரமம். அந்த நாளைத் தவிர்த்துத் திகதி போடுங்கள். கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. உள்ளே இறங்கிக் குளிக்க முடியாது, வாளியால் அள்ளித்தான் வார்க்கவேண்டும். மாற்றுத்துணி கொண்டு போங்கள்.

அடுத்தது மட்டக்களப்பு. முன்பு கிண்ணியாவில் வாகனங்களை ஏற்றிக் கடக்கும் பாதைப் படகுக்குக் காத்திருக்க வேண்டும். 2009இல் பாலம் திறந்தபின் அந்தத் தொல்லை இல்லை. மூதூரில் சட்டித் தயிர் வாங்கி வண்டியிலேயே சாப்பிடலாம், கரண்டி மட்டும் மறவாதீர்கள். வெருகலில் சித்திர வேலாயுத சுவாமி கோவில். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கும் பாதயாத்திரை அடியார்களும் திருகோணமலை, வெருகல் வழியாகத்தான் தெற்கே இறங்குகிறார்கள். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொண்டே போங்கள். வீதி வெறும் வீதியாக இராது.

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று கடலோரமாக நீளும் அந்தப் பகுதியில் தமிழே போதும். பொத்துவிலுக்கப்பால் சிங்களம் கொஞ்சமாவது வேண்டும். பாதயாத்திரைக்காரர் ஆடித் திருவிழாக் காலத்தில் உகந்தையிலிருந்து குமுக்கன் காட்டுக்குள்ளால் நடப்பார்கள். வாகனத்தில் வருகிற நீங்கள் சியம்பலாண்டுவ, மொனராகலை, புத்தள என்று சுற்றித்தான் கதிர்காமம் போகவேண்டும். புத்தள வீதியில் யானைகள் பழத்துக்காக வண்டியை மறிக்கும். பிள்ளைகள் கெஞ்சினாலும் கண்ணாடியைத் திறக்காதீர்கள்.

கதிர்காமத்துக்குப் பிறகு தென்முனையான தெவிநுவரை. போர்த்துக்கேயர் 1588இல் இடித்த பெருங்கோவில் அங்கே இருந்தது. இலங்கையின் பழைய சிவன் கோவில்களான ஐந்து ஈச்சரங்களில் தெற்கே இருந்த தொண்டேச்சரம் அங்கேதான் என்பார்கள். நிதானமாக நடந்து பாருங்கள். திரும்புவதற்கு மாத்தறையில் அதிவேக வீதி ஏறினால் கொழும்பு நெரிசலுக்குள் போகாமலே கட்டுநாயக்கவை அடையலாம்.