ஆனைமலையில் ஒரு அனிமேஷன் கதை: சறுக்கும் இடங்கள்

யானைக் கூட்டமும் செந்நாய்க் கூட்டமும் மோதும் படத்தை வால்பாறைப் பக்கத்துக் காட்டில் வைத்து எழுதுபவர்கள் முதலில் சறுக்குவது, கொம்பன் ஒன்றை யானைக் கூட்டத்துக்கு ராஜாவாக்குவதில். கூட்டத்தை நடத்துவது மூத்த பெண் யானை. ஆண் யானை 10, 15 வயதுவாக்கில் கூட்டத்தை விட்டு விலகிவிடும். அப்பாவின் சிம்மாசனத்தை மீட்கும் கதைக்கு அங்கே இடமே இல்லை. அம்மா, சித்தி, பாட்டியைப் பிரிந்து தனியே நடக்கிறதே, அதுவே அவன் வளர்ந்த கதை. அதற்காக யாரையும் சாகடிக்க வேண்டாம்.

செந்நாயை ஓநாய் மாதிரி வரையாதீர்கள். அது நிலாவைப் பார்த்து ஊளையிடாது. சீழ்க்கை அடித்துக் கூட்டாளிகளை அழைக்கும். வேட்டை பெரும்பாலும் பகலில். கடமானை வீழ்த்தினால் குட்டிகளை முதலில் தின்னவிடும். இப்படிப்பட்ட கூட்டத்தை வெறும் வில்லனாக்கினால் பாதிக் கதை போய்விடும். வளர்ந்த யானையை அது இரையாக நினைப்பதுமில்லை. ஆகவே மோதலைப் பசியில் வைக்காமல் வழியில் வையுங்கள்: யானைத் தடத்தோரப் பாறை இடுக்கில் செந்நாய் குட்டி போட்டிருக்கிறது; கோடையில் தண்ணீர் தேடி, கன்றோடு கூட்டம் அதே தடத்தில் வருகிறது. இரு தரப்புக்கும் காக்க ஒரு குட்டி உண்டு.

எதிர்க்கூட்டத்தை மலையாள வாடையோடு தமிழ் பேசவைப்பது இன்னொரு தவறு. மளுக்கப்பாறை தாண்டினால் கேரளம். இங்கே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இரண்டு மொழியும் புழங்குகிறது. பக்கத்து வீட்டுப் பேச்சை வில்லனுக்குக் கொடுத்தால் படம் பார்க்கும் பிள்ளைக்கு வலிக்கும்.

நடையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். யானை ஓடும்போதும் நான்கு காலும் ஒருசேரத் தரையை விட்டு எழும்பாது. குதிரைப் பாய்ச்சல் கூடவே கூடாது. இடது பின்கால், இடது முன்கால், வலது பின்கால், வலது முன்கால் என்பதே வரிசை. முன்கால் பதிந்த தடத்தின் மேலேயே ஏறக்குறைய பின்கால் வந்து விழும். தாயின் நடையைச் சுருக்கிக் கன்றுக்கு ஒட்டினால் கன்று பொம்மையாகத் தெரியும். நொடிக்கு 24 ஃபிரேமில் தாய் ஒரு எட்டு எடுத்து வைக்க 20 ஃபிரேம் என்றால், கன்றுக்கு 12 வைத்துப் பாருங்கள். பின்தங்காமல் ஓடிவரும் அவசரம் அதில் வந்துவிடும்.

பால் குடிக்கும் காட்சியில் கன்றைப் பின்காலருகே நிறுத்திவிடுவார்கள். யானைக்கு மடி முன்கால்களுக்கு நடுவில். கன்று துதிக்கையை ஒதுக்கி மேலே மடித்து, வாயால்தான் குடிக்கும்.