பெரிலியம்-11 கணக்கு: புரோட்டான் பின்னால் வருவது ஏன்?

சுங்கை சிப்புட்டில், எங்கள் தோட்டத்து வீட்டுச் சாப்பாட்டு மேசையில், இந்தக் கணக்கு என் மூன்று இரவுகளை விழுங்கியது. தமிழ்ப்பள்ளியில் தொடங்கி இன்று இயற்பியல் பட்டப்படிப்பில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு அந்த இரவுகள் மிச்சமாகட்டும். டியூட்ரான் என்பது ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த அணுக்கரு.

வினை இதுதான்: பெரிலியம்-10 கற்றை, அசையாமல் இருக்கும் டியூட்ரான்மீது மோதுகிறது. நியூட்ரான் பெரிலியத்துக்கு மாறிவிடுகிறது; புரோட்டான் தனியே போகிறது. நொடிகளில் சிதையும் அணுக்கருவை இலக்காக வைக்க முடியாது என்பதால், கனமானதையே கற்றையாக்கும் இந்த முறையைப் பழகுவது நல்லது.

படி 1. பெரிலியம்-11-இலிருந்து கடைசி நியூட்ரானைப் பிரிக்க 0.502 எம்இவி (மெகா எலெக்ட்ரான் வோல்ட், ஆற்றல் அலகு) போதும். டியூட்ரானைப் பிரிக்க 2.225 வேண்டும். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் வினை ஆற்றல் −1.723. முதல் கிளர்வு நிலை (அடிநிலைக்கு அடுத்த உயர் ஆற்றல் நிலை) 0.320-இல் இருக்கிறது, அதற்கு −2.043.

படி 2. கற்றை ஆற்றல் 107 எம்இவி. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் நடந்த ஆய்வில் பயன்பட்ட ஆற்றல்களில் ஒன்று. நிறைமையச் சட்டத்தில் (மோதும் இரண்டின் பொது நிறைமையத்தோடு சேர்ந்து நகர்ந்தபடி பார்த்தால்) 107×2/12 = 17.833. அதிலிருந்து 1.723 போக மீதி 16.110. அதில் 11/12 பங்கு, அதாவது 14.768, புரோட்டானுக்கு.

படி 3. நான் இடறியது இங்கேதான். டியூட்ரானைக் கற்றையாகக் காட்டும் பாடநூல் படங்களில் புரோட்டான் முன்னோக்கிப் பறக்கும். நானும் 0 பாகைக்கு அருகில் தேடினேன். நிறைமையச் சட்டத்தில் டியூட்ரான் கற்றைக்கு எதிர்த்திசையில் வருகிறது. நியூட்ரானை இழந்த புரோட்டான் பெரும்பாலும் அதே திசையில்தான் தொடரும். ஆகவே ஆய்வகத்தில் அது 180 பாகைப் பக்கம் போகிறது.

செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடும் லாரியிலிருந்து ஒருவர் பின்னோக்கிக் கல் வீசுகிறார். லாரியைவிட வேகமாக வீசினால் சாலையில் நிற்பவருக்கும் கல் பின்னோக்கியே போகும், ஆனால் மெதுவாக. நம் கணக்கில் லாரியின் (நிறைமையத்தின்) வேகம் 3.855, வீச்சின் (புரோட்டானின்) வேகம் 5.435 (நிறையை அணு நிறை அலகிலும் ஆற்றலை எம்இவியிலும் வைத்தால்). வித்தியாசம் 1.580, புரோட்டான் ஆற்றல் 1.248 எம்இவி மட்டுமே. கிளர்வு நிலைக்கு 1.163. உள்ளே 0.320 விலகியிருக்கும் இரு நிலைகள், உணரியில் 0.085 இடைவெளிக்குள் நெருங்கிவிடுகின்றன. நுண்மையான சிலிக்கான் உணரி ஏன் தேவை என்பது இந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இதை விரிதாளில் கையாலேயே செய்யுங்கள். தயார் நிரல்கள் விடையைத் தரும், திசையைப் புரியவைக்காது. அணுக்கரு வினைகளைக் கணக்கிடும் ஃபிரெஸ்கோ நிரலை அடுத்த படிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4. புரோட்டான்கள் எந்தக் கோணத்தில் எவ்வளவு வருகின்றன என்ற கோணப் பரவலைக் கணக்கிட்ட வளைவோடு ஒப்பிடுங்கள். மாறிய நியூட்ரானின் கோண உந்தம் 0 (எஸ் கூடு) என்றால் உச்சம் 180 பாகையிலேயே இருக்கும். 1 (பி கூடு) என்றால் சற்றுத் தள்ளி. கூடு மாதிரியின் வழக்கமான வரிசைப்படி ஏழாம் நியூட்ரான் பி கூட்டில் அமர வேண்டும். பெரிலியம்-11-இன் அடிநிலையிலோ அது எஸ் கூட்டில் இருக்கிறது! அளந்ததைக் கணக்கிட்டதால் வகுத்தால் நிறமாலைக் காரணி, அதாவது அந்த நிலை இந்த எளிய கூட்டு நிலைக்கு எவ்வளவு நெருக்கம் என்பதன் அளவு, கிடைக்கும். ஓக் ரிட்ஜ் குழு 2012-இல் வெளியிட்ட மதிப்புகள்: அடிநிலைக்கு 0.71, கிளர்வு நிலைக்கு 0.62.

பின்சேர்க்கை: வினை ஆற்றலை நிறை அட்டவணையிலிருந்து கணக்கிட்டால், அதில் இருப்பது அணு நிறையாயிற்றே, எலெக்ட்ரான்களைக் கழிக்க வேண்டாமா என்று தைப்பிங்கிலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார். நல்ல கேள்வி. இரு பக்கமும் ஐந்து எலெக்ட்ரான்கள் இருப்பதால் அவை தாமே அடிபட்டுப் போகும். பாசிட்ரான் உமிழும் சிதைவுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அங்கே இரண்டு எலெக்ட்ரான் நிறையைக் கழித்தே ஆக வேண்டும்.