ஊராட்சித் தேர்தல் பிரச்சாரத்தில் செய்யக் கூடாத தவறுகள்

2019 டிசம்பர் ஊராட்சித் தேர்தலுக்கு முந்தைய இரவு, எங்கள் அப்பத்தா வீட்டுக்கு ஒரு வேட்பாளரின் ஆட்கள் வந்தார்கள். கையில் தட்டு. அதில் வெற்றிலை, மஞ்சள், ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாள், எரிகிற கற்பூரம். "ஆத்தா, எங்களுக்குத்தான்னு சாமி மேல சத்தியம் பண்ணு" என்றார்கள். எண்பது வயதைத் தாண்டிய மனுஷி, பயந்துபோய் கற்பூரத்தை அடித்துவிட்டார். மறுநாள் வாக்குச்சாவடியிலிருந்து அழுதுகொண்டே வந்தார். தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் வர அலைந்த பெண்ணுக்குப் போட நினைத்திருந்தவர், சத்தியத்துக்குப் பயந்து வேறு சின்னத்தில் குத்திவிட்டார்.

வார்டு உறுப்பினராகவோ தலைவராகவோ நிற்கப் போகிறவர்கள் முதலில் இதை விட வேண்டும். சத்தியம் வாங்குவதை ஊர் வழக்கம் என்று நினைக்கிறார்கள். ஆனால், ஓட்டை மாற்றிப் போட்டால் தெய்வக் குற்றம் வரும் என்று வாக்காளரை நம்ப வைப்பதையே தனிக் குற்றமாகச் சட்டம் சொல்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் அது இருந்தது, இப்போதுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இருக்கிறது. ஓராண்டு வரை சிறை. ஓட்டுக்குப் பணம் கொடுத்தாலும் வாங்கினாலும் அதே தண்டனைதான்.

"எதிராளி கொடுக்கிறான், நான் கொடுக்காவிட்டால் தோற்றுவிடுவேனே" என்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓட்டுக்கு 500 ரூபாய் வீதம் 2,000 பேருக்குக் கொடுத்தால் 10 லட்சம். 2019-இல் ஊராட்சித் தலைவர் வேட்பாளருக்கு அனுமதிக்கப்பட்ட செலவே 34,000 ரூபாய்தான். பதவிக்கான மதிப்பூதியமோ, உயர்த்திய பிறகும் மாதம் 2,000. ஐந்து வருடம் முழுக்கச் சேர்த்தாலும் 1,20,000. மீதியை எங்கிருந்து எடுப்பீர்கள்? சாலையிலிருந்தும் குடிநீர்த் தொட்டியிலிருந்தும்தான்.

இதைவிட நாசூக்கான தவறு ஏலம். சண்டை வேண்டாம், யார் அதிகம் தருகிறாரோ அவரே தலைவர், பணம் கோயில் திருப்பணிக்கு என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்துவிடுகிறார்கள். கேட்க நல்லதாகத்தான் இருக்கும். அந்தக் கூட்டத்தில் பெண்கள் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள், காலனியிலிருந்து யாரைக் கூப்பிட்டார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. மனதார ஒருவரை நிறுத்திப் போட்டியின்றித் தேர்ந்தெடுப்பது வேறு, பதவியை விலைக்கு விடுவது வேறு. மாநிலத் தேர்தல் ஆணையம் 2019-இலேயே இதை எச்சரித்தது.

தனித்தொகுதியில் சொன்னபடி கேட்கிற ஒருவரை நிறுத்தும் தந்திரத்தையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊர்களில் தலித்துகளுக்கு ஒதுக்கிய தலைவர் பதவிக்கு 1996 முதல் பத்து வருடம் முறையான தேர்தல் நடக்கவே விடவில்லை. பொம்மை வேட்பாளரை ஜெயிக்க வைத்து, ஜெயித்த கையோடு ராஜினாமா செய்ய வைத்ததும் நடந்தது. 2006-இல்தான் அது மாறியது. அதே மதுரை மாவட்டத்தின் மேலவளவில், தலித்துகளுக்கு ஒதுக்கிய இடத்தில் ஜெயித்துத் தலைவரான முருகேசனை 1997 ஜூனில் பேருந்தில் வந்தபோது வெட்டிக் கொன்றார்கள். இந்த வரலாறு தெரிந்த யாரும் அந்தத் தந்திரத்தைச் சாமர்த்தியம் என்று சொல்ல மாட்டார்கள்.

பெண்களுக்கான இடத்தில் மனைவியை நிறுத்திவிட்டு, போஸ்டரில் தன் படத்தைப் பெரிதாகப் போடும் கணவர்களுக்கும் இது பொருந்தும். ஓட்டுக் கேட்டு அந்த மனைவியே பேசட்டும்.

அப்புறம் வதந்தி. எதிராளியின் குடும்பத்தை, அவர் வீட்டுப் பெண்களைப் பற்றி வாட்ஸ்அப்பில் கிளப்பிவிடுவது மிக எளிது. தேர்தல் முடிந்து அவர்கள் அதே தெருவில், அதே ரேஷன் கடை வரிசையில் நிற்க வேண்டுமே! விமர்சிக்க வேண்டுமானால் கிராம சபையில் வைத்த வரவு செலவை எடுத்துக் கேளுங்கள். போட்டது எத்தனை தெருவிளக்கு, கணக்கில் எழுதியது எத்தனை? அப்படிக் கேட்பது தனிநபர் தாக்குதல் ஆகாது. ஒரே பெயருள்ளவரைத் தேடிப்பிடித்து டம்மியாக நிறுத்துவதும் கூடாது. ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது, பூட்டு சாவி, ஆட்டோ மாதிரி பொதுச் சின்னங்கள்தான். பெயர் குழம்பினால் வயதானவர்கள்தான் ஏமாறுவார்கள்.

ஜெயித்தாலும் தோற்றாலும், முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுத்துவிடுங்கள். பலர் இதை மறந்து, அடுத்துப் போட்டியிடும் தகுதியை இழக்கிறார்கள்.

"யாருக்குப் போட்டாய் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்" என்று மிரட்டுகிறவர்களும் உண்டு. அது பொய். தலைவருக்கான இளஞ்சிவப்புச் சீட்டை மறைவில் முத்திரை குத்தி, மடித்து, நாமே பெட்டியில் போடுகிறோம். பெட்டியை உடைத்து எண்ணும்போது எது யாருடைய சீட்டு என்று எண்ணுகிறவருக்கும் தெரியாது. வீட்டில் இருக்கிற பெரியவர்களிடம் இதை இரண்டு நாள் முன்பே உட்கார்ந்து சொல்லுங்கள். மிரட்டி வாங்கிய சத்தியம் கட்டுப்படுத்தாது என்றும் சொல்லுங்கள். அப்பத்தாவிடம் நான் அதைச் சொன்னது ஓட்டுப் போட்டுவிட்டு வந்து அவர் அழுத பிறகுதான்.