ஈபி பில்லை போனிலேயே கட்டுவது எப்படி

முதலில் ஈபி கார்டை எடுத்து மின் இணைப்பு எண்ணைப் பாருங்கள். முதல் 2 இலக்கம் மண்டலம் (கோவை 03, மதுரை 05), அடுத்த 3 பிரிவு அலுவலகம், அதற்கடுத்த 3 பகிர்மானம், மீதி உங்கள் இணைப்புக்குரியது. தவறு பெரும்பாலும் நடப்பது இங்கேதான்: முன்னால் வரும் பூஜ்யத்தை விட்டுவிடுவார்கள், அல்லது ஓர் இலக்கம் மாறி வேறு யாரோ ஒருவருடைய பில்லைக் கட்டிவிடுவார்கள். எனவே திரையில் வரும் பெயரைப் படிக்காமல் பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள்.

மின்வாரிய இணையதளத்தில் 'குயிக் பே' வழியாக லாகின் இல்லாமலே கட்டலாம். ஜிபே, போன்பே என்றால் மின்சாரப் பிரிவில் தமிழ்நாடு மின்வாரியத்தைத் தேர்ந்தெடுத்து எண்ணைப் போடுங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங். எடுத்த நாளிலிருந்து 20 நாள் அவகாசம். கடைசி நாள் இரவுவரை காத்திருக்க வேண்டாம்.

பணம் போய்விட்டது, ரசீது வரவில்லையா? உடனே மறுபடி கட்டாதீர்கள். வங்கி தகவல் சில மணி நேரம் தாமதமாக வந்து சேரலாம். பரிவர்த்தனை எண்ணைக் குறித்துவைத்து, நிலுவை காட்டுகிறதா என்று மறுநாள் பாருங்கள். அப்போதும் நிலுவை என்றால் அந்த எண்ணோடு வங்கியிலோ செயலியிலோ புகார் செய்யுங்கள்.

'இன்றிரவு கரண்ட் கட், இந்த எண்ணுக்கு அழையுங்கள்' என்று தெரியாத எண்ணிலிருந்து வரும் குறுஞ்செய்தி மோசடி. லிங்கைத் தொடாதீர்கள், சந்தேகம் என்றால் மின்வாரியத்தின் நுகர்வோர் சேவை மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள்.